மடக்கு சாரும் பச்சை எலும்புப் படகும்

இந்தப் பூமியில் கத்தியைக் கண்டு மிக அதிகமாக நடுங்கிய மனிதர் யார் என்று கேட்டால், டிரங்குப் பெட்டி நிறையக் கத்தி வைத்திருந்த மடக்கு சாரைத்தான் சொல்வேன். எலுமிச்சம்பழம் நறுக்குகிற வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் அவர் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்தால், ஒரு சின்னப் படைக்குக் கொடுக்கலாம். அத்தனையும் அமெரிக்கக் கத்திகள். அத்தனையும் சட்டைப்பைக்குள் மடங்கிக் கிடக்கும் பழைய காலத்து மடக்குக் கத்திகள்.

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் நான் பில்லிங், அவர் டெஸ்பாட்ச். இரண்டு பேரும் ஒரே மாடி அறையில் குடியிருந்தோம். நான் நகரிக்காரன், வீட்டில் பவர்லூம். அவர் சூளூர்பேட்டை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டுதான். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. லோடு ஏற்றுகிறவர்கள் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் மடக்கு சார்.

அமெரிக்கக் கத்திக்கும் சித்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து பாதிரிமார்களும் டாக்டர்களும் இந்தப் பக்கம் வந்து பங்களா கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது பீரோவையும் பியானோவையும் விற்றுவிட்டு, பாக்கெட்டில் இருந்த கத்தியை மட்டும் சமையல்காரருக்கோ கார் ஓட்டியவருக்கோ அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். மடக்கு சார் ஒரு பழைய சைக்கிள் வாங்கப் போன வீட்டில், சீட்டுக்கடியில் தொங்கிய பைக்குள் ஸ்பானரோடு ஸ்பானராக அப்படி ஒன்று கிடந்திருக்கிறது. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுக் கத்தியோடு வந்தார். அன்று பிடித்தது.

வாங்குவதைவிட, எது என்ன கத்தி என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உயிர். அலகின் அடியில், கைப்பிடியோடு சேருகிற இடத்தில், செய்த கம்பெனி தன் முத்திரையைக் குத்தியிருக்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். கைப்பிடி எலும்பா, மான் கொம்பா, செல்லுலாய்டா என்று பார்ப்பார். அலகை மடக்கும்போது வருகிற "டக்" சத்தத்தைக் காதருகில் வைத்துக் கேட்பார். பிறகு தன் முடிவை இன்டர்நெட்டில் ஒரு குழுவுக்கு எழுதுவார். அங்கே அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். மடக்கு சார் இரண்டு பக்கம் எழுதுவார். ஒஹையோக்காரர் அதெல்லாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் போடுவார்: "நோப்."

அந்த "நோப்" வருகிறவரை மடக்கு சார் படுகிற பாடு இருக்கிறதே! சாப்பாடு இறங்காது. லாரிக்குச் சீட்டு எழுதும்போது பெங்களூருக்குப் போக வேண்டியதைச் சென்னைக்கு எழுதிவிடுவார். ஒருமுறை பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த ஒன்றைப் பிடித்து வந்து, "தம்பி, இது மொதல் உலகப்போர் சரக்கு. சிப்பாய் பாக்கெட்ல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலுக்குது பாரு" என்றார். ஒரு வாரம் எண்ணெய் போட்டுத் தேய்த்தார். துரு போனதும் எழுத்து தெரிந்தது. மேட் இன் சைனா. அன்று அவர் ஆபீசுக்கு வரவில்லை.

அவருடைய பயங்களில் என் பங்குக்கு வந்தது செல்லுலாய்டு பயம். செல்லுலாய்டு என்பது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்; அந்தக் கைப்பிடிக்கு வயதானால் ஒருவித ஆவி கிளம்புமாம். பக்கத்தில் இருக்கிற கத்தியெல்லாம் துருப்பிடித்துவிடுமாம். அது உண்மைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் அப்படி ஒரு நோயாளிக் கத்தியை அவர் தன் பெட்டியிலிருந்து எடுத்து என் அலமாரியில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சார், இது என் சோத்துப் பாத்திரம்."

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே தம்பி? அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு எதுனா ஆகுமா?"

அவர் கத்தியை ஒரு விரல் அளவு தள்ளி வைத்தார். "அத நான் கேக்கல. ஒஹையோவுக்கு எழுதிக் கேக்கட்டுமா?"

கொரோனா வருவதற்கு வெகு முன்பே எங்கள் அறையில் குவாரண்டைன் நடந்தது.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. ரோட்டில் எல்லா வண்டிகளையும் நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்த சமயம். திருப்பதியில் ஒரு குடும்பத்தைப் பார்த்துக் கத்தி வாங்கிக்கொண்டு மடக்கு சார் பஸ்ஸில் சித்தூர் வந்துகொண்டிருந்தார். வழியில் போலீஸ் ஏறியது. அவர்கள் தேடியது பணக்கட்டு. இவரைப் பார்க்கக்கூட இல்லை, தாண்டிப் போய்விட்டார்கள். மடக்கு சாரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "சார், நானே சொல்லிடறேன் சார். எங்கிட்ட கத்தி கீது" என்றார்.

முன்சீட்டு அம்மாள் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"கத்தியா? எதுக்கு?" என்றார் கான்ஸ்டபிள்.

"பாக்கறதுக்கு சார்."

"யார பாக்கறதுக்கு?"

அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இன்ஸ்பெக்டர் மேஜை மேல் கத்தியை வைத்து, "எங்க, திறந்து காமிங்க" என்றார். அலகில் நகம் வைத்து இழுப்பதற்கு ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். மடக்கு சாரின் நகம் அந்தப் பள்ளத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. கடைசியில் கான்ஸ்டபிளே பரிதாபப்பட்டுத் திறந்து கொடுத்தார். பளீரென்று அலகு வெளியே வந்ததும் மடக்கு சார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "கூட்டிக்கினு போங்க. வழியில ஒரு சோடா வாங்கிக் குடுங்க."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் ஒரு தையல்காரரைப் பிடித்து, தன்னிடமிருந்த ஒவ்வொரு பையிலும் ரகசியப் பாக்கெட் தைத்துக்கொண்டார். அடித்துணிக்கும் மேல்துணிக்கும் நடுவே, தடவினாலும் தெரியாதபடி. சொல்லப்போனால் தையல்காரருக்கே மறுநாள் தெரியவில்லை. போலீஸ் கண்டுபிடிக்கவே முடியாது என்று சந்தோஷப்பட்டார். போலீஸ் கண்டுபிடிக்கவில்லை, மடக்கு சாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படித்தான் படகு தொலைந்தது.

படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் நுனி தூக்கி, அச்சு அசலாகப் படகு போலவே இருக்கும் ஒரு கத்தி. அமெரிக்காவிலும் அந்த வடிவத்துக்குப் படகுப் பெயர்தானாம். சூளூர்பேட்டைப் பக்கத்துப் பழவேற்காடு ஏரியைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு அது பிடிக்காமல் இருக்குமா? கைப்பிடி எலும்பு, ஆனால் பாசி படர்ந்த கல் போலப் பச்சை. பச்சை எலும்பு என்பது அந்த உலகத்தில் வைரம் மாதிரி என்றார். ஒரு பழைய கம்பவுண்டரின் மருமகள் கொடுத்தது. அதைப் போட்டோ எடுத்து ஒஹையோவுக்கு அனுப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒஹையோக்காரர் மூன்று வரி எழுதினார். எங்கே கிடைத்தது? எதையும் தேய்க்காதே. முத்திரையை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பு.

முத்திரையில் பாதி தேய்ந்து மூன்று எழுத்துதான் தெரிந்தது. நல்ல வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று இவர் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார். அதற்குள் திருட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் எங்கேயோ ஒளித்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த "எங்கேயோ" மறந்துபோயிற்று.

அறையைத் தலைகீழாகப் புரட்டினோம். பைகளையெல்லாம் உதறினோம், தடவினோம், பிசைந்தோம். தையல்காரர் வேறு தொழிலுக்கு மாறிக் கடையை மூடியிருந்தார். ஒஹையோவிலிருந்து அவ்வப்போது ஒரே சொல் வரும்: "முத்திரை?" மடக்கு சார் பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைப்பார். "தொலச்சிட்டேன்னு எப்பிடி தம்பி சொல்றது? அந்த மனுசன் மூணு வரி எழுதிக்கீறாரு" என்பார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. திருமலையில், ஒரு மடத்து மண்டபத்தில், காலை முகூர்த்தம். உறவுக்காரர்கள் எல்லாரும் முந்தின நாளே வேனில் மேலே போய்விட்டோம். ஆனால் தாலி வரவில்லை. சித்தூர் ஆசாரி கடைசி நேரத்தில் குண்டு ஒன்று சரியில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார். விடிந்ததும் வாங்கிக்கொண்டு யாராவது காரில் வர வேண்டும். நான் மடக்கு சார் பெயரைச் சொன்னேன்.

என் நைனா, அதாவது அப்பா, குதித்தார். "கத்தி வெச்சிக்கினு சுத்தற ஆளு கையிலயாடா தாலிய குடுக்கற? அதுவும் மலைக்கு! அடிவாரத்துல சோதனை மிஷின் வெச்சிக்கினு கீறான், தெரியுமில்ல?"

"நைனா, அவர மாதிரி பயந்தவரு யாரும் கெடையாது. பயந்தவங்க எதையும் தொலைக்க மாட்டாங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் படகு ஞாபகத்துக்கு வந்தது.

போன் செய்து சத்தியம் வாங்கினேன். கத்தி ஒன்றுகூடக் கூடாது. "என்ன தம்பி, எனக்குத் தெரியாதா? பெட்டிய பூட்டி, சாவிய வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். பாக்கெட்ட நாலு வாட்டி பாத்துட்டேன்" என்றார். அது முழு உண்மை.

காலையில் கார் கிளம்பியதாகத் தகவல் வந்தது. ஓட்டியவர் முனிரத்னம் என்ற எங்கள் தொழிற்சாலை டிரைவர். அடிவாரத்தில் அலிபிரி செக்போஸ்ட் வந்தாகிவிட்டது என்று இன்னொரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் மணையில் உட்கார்ந்துவிட்டேன். ஐயர் என்னைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன். போன் அடித்தால் மடக்கு சார் எடுக்கவில்லை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் போனை எப்படி எடுப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு மனசு, கார் மலைப்பாதைக்கே வரவில்லை என்றது. அத்தைமார்களில் ஒருத்தி, "மஞ்சக் கெழங்க கயித்துல கட்டி முடிச்சிடலாம், அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். நைனா பல்லைக் கடித்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், முதல்முறையாக என்னிடம் பேசினாள். "வந்துடுவாரா?"

"வந்துடுவாரு" என்றேன். சொல்லிவிட்டு மறுபடி வாசலைப் பார்த்தேன்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தின நேரத்தில் வாசலில் ஒரு கலவரம். மடக்கு சார் ஓடி வருகிறார். சட்டைப் பொத்தான் ஒன்றுவிட்டு ஒன்று மாறியிருக்கிறது. ஒரு காலில் செருப்பில்லை. "கீது! பத்திரமா கீது!" என்று கத்திக்கொண்டே வந்தவர் சட்டையைத் தூக்கினார். தாலி இருந்த துணிப்பை இடுப்போடு சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒரு முடிச்சா, இரண்டு முடிச்சா! வழியில் பயம் வந்தபோதெல்லாம் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். வியர்வையில் எல்லாம் இறுகிப்போய்க் கல்லாகிவிட்டது. அவர் இழுக்கிறார், நான் மணையிலிருந்து எட்டி இழுக்கிறேன், அவிழவில்லை.

"யாராச்சும் ஒரு கத்தி குடுங்கய்யா!" என்று நைனா அலறினார்.

மண்டபத்தில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்காரர்கள் அத்தனை பேரும் மடக்கு சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லிங்க" என்றார். அந்த "இல்லிங்க"வில் ஏதோ இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை.

நைனா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மடக்கு சாருக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். "ஆடாம நில்லுய்யா. தறிக்காரனுக்கு நூல் சிக்கு எடுக்கத் தெரியாதா?" அவர் விரல்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்தது. முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஐயர் "கெட்டிமேளம்" என்றபோது என் கையில் தாலி இருந்தது.

அடிவாரத்தில் நடந்ததைப் பந்தியில் முனிரத்னம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மடக்கு சாரின் பை மிஷினுக்குள் போயிருக்கிறது. திரையில் கத்தி தெரிந்திருக்கிறது. அங்கே இருந்த செக்யூரிட்டி அம்மா, கத்தி இருக்கிறது என்று தெலுங்கில், "கத்தி உந்தி சார்" என்றிருக்கிறார். இவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அந்த அம்மா பையின் அடித்துணியைப் பிரித்துக் கையை விட்டு எடுத்தால், படகு!

"ஆளுங்க மாட்டிக்கினா அழுவாங்க. இவரு சிரிக்கிறாரு!" என்றார் முனிரத்னம். "'கெடச்சிடுச்சி, கெடச்சிடுச்சி'ன்னு அந்தம்மா கைய புடிச்சிக்கினு குதிக்கிறாரு. சுத்தி நின்னவங்க பயந்துட்டாங்க."

அந்த அம்மா நல்லவர்தான். கத்தி மேலே போகாது; வேண்டுமானால் வண்டியைத் திருப்பி வெளியே போய் யாரிடமாவது கொடுத்துவிட்டு, மறுபடி வரிசையில் வாருங்கள் என்றிருக்கிறார். வரிசை வெளியே ரோட்டில் இருக்கும் கருடன் சிலை வரை நின்றிருக்கிறது. வரிசையில் நின்றால் முகூர்த்தம் போய்விடும்.

"நான் சொன்னேன் சார், 'நீங்க எறங்கி வெளிய போங்க, தாலிய நான் கொண்டு போறேன்'னு. ஒத்துக்கவே இல்ல. 'நீ வழியில டீ குடிக்க நிறுத்திட்டேன்னா? டயர் பஞ்சராச்சின்னா? என்னை நம்பிக் குடுத்த பொருளுய்யா' அப்பிடீன்றாரு. அப்புறம் போனை எடுத்து அந்தக் கத்தி கழுத்துல எழுத்து கீற எடத்தை ஒரு போட்டோ புடிச்சாரு. அவசரம். சரியா வந்துச்சான்னுகூட பாக்கல. கத்திய அந்தம்மா கையில குடுத்தாரு."

"சும்மா குடுத்துட்டாரா?"

"எங்க சும்மா! 'ஈரத்துல வெக்காதீங்கம்மா. மழை நாள்ல ஒரு சொட்டு எண்ணெய் உடுங்க. அலகை நீங்க தொடாதீங்க, கை அறுத்துக்கப் போறீங்க'ன்னு பாடம் எடுக்கறாரு. அந்தம்மா, 'ஆலஸ்யம் அவுதோந்தி சார், வெள்ளண்டி, பெள்ளி உந்தி கதா'ன்னு தொரத்திச்சு. நேரமாவுது, கல்யாணத்துக்குப் போங்கன்னு. கார்ல ஏறினப்புறம் முடிச்சு மேல முடிச்சு போட்டுக்கினே வந்தாரு."

நான் இலையை மடிக்காமல் எழுந்து அவரைத் தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் சார் இப்பிடி பண்ணீங்க? மஞ்சக் கெழங்கு கட்டி சமாளிச்சிருப்போமே."

"அது எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி?" என்றார் திடுக்கிட்டு. குழாயை இறுக்கி மூடினார். "எனக்கு பயமாப் பூட்ச்சி. நான் வரலன்னா உன் மூஞ்சி எப்பிடி ஆவும்னு நெனச்சேன். அத நெனச்சதும் வேற எதுவும் பெருசா தெரியல."

மலையிறங்கும்போது நானும் என் மனைவியும் செக்போஸ்ட்டில் விசாரித்தோம். வேலை நேரம் மாறி வேறு ஆட்கள் இருந்தார்கள். விட்டுப்போன சாமானெல்லாம் அவ்வப்போது எடுத்துப் போய்விடுவார்களாம். எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை. காரின் பின்சீட்டில் மடக்கு சார், "உடு தம்பி, புதுப்பொண்ண வெயில்ல நிக்க வெக்காத" என்றார்.

அந்தப் போட்டோ? ஆடிப்போய்ப் புகை மாதிரி வந்திருந்தது. பச்சையாக ஏதோ ஒன்று. அதில் குளமும் தெரியலாம், கீரைக்கட்டும் தெரியலாம். ஆனாலும் நடந்ததையெல்லாம் விவரமாக எழுதி, படத்தையும் சேர்த்து ஒஹையோவுக்கு அனுப்பினார். மூன்று நாள் அவரும் சாப்பிடவில்லை, கல்யாண வீட்டில் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் வந்தது. எழுத்து தெரியவில்லை, அதனால் எந்தக் கம்பெனி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கல்யாணத்துக்குத் தன்னையும் கூப்பிட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார் அந்தப் பெரியவர். மடக்கு சார் அதைத் தொழிற்சாலை முழுக்கக் காட்டிக்கொண்டு அலைந்தார்.

நான் பிறகு சென்னைக்கு வேலை மாறி வந்துவிட்டேன். அவர் சித்தூரிலேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் போன் வரும். மகளுக்குத் தடுப்பூசி போட்டாச்சா, மாடிப்படியில் கம்பி வைத்தாச்சா, பைக் ஓட்டும்போது ஹெல்மெட் வாரைப் போடுகிறேனா என்று வரிசையாகக் கேட்பார். என் மனைவி சிரிப்பாள். நான் சலித்துக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை போன் வரவில்லை. நான் அவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. முனிரத்னத்துக்கு அடித்தேன், வீட்டுக்கார அம்மாவுக்கு அடித்தேன், கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு சித்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நிற்கும்போது மணி அடித்தது. "சார்ஜ் இல்ல தம்பி. என்ன, எதுனா பிரச்சனையா?" என்றார். ஒன்றுமில்லை சார், சும்மாதான் என்றேன். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தேன். பிறகு, நிறையச் சார்ஜ் இருந்த என் போனை எடுத்துப் போய்ச் சார்ஜில் போட்டேன்.